கிழக்கின் கைகள், மேற்கின் தறிகள்

நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டுப் புதுமைக் குறியீட்டில், பெரிய மாநிலங்களுள் கர்நாடகம் முதலிடம்; பீகாரும் ஒடிசாவும் கடைசி வரிசையில். இதனை அம்மக்களின் திறமைக்குறைவு எனக் காட்டுவது மோசடி. பெங்களூருவின் மென்பொருள் நிறுவனங்களில் பீகாரின் பொறியாளர்கள் உழைக்கின்றனர். சூரத் விசைத்தறிகளில் பன்னிரண்டு மணி நேரம் நிற்போரில் பெரும்பகுதியினர் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தினர். ஆண்டுக்கணக்கில் தறியோடு பழகிப் பெற்ற நுட்பத்துடன் ஊர் திரும்பினால், அங்கே அதைப் பயன்படுத்த ஆலை இல்லை.

ஏன் இல்லை? தொலைவு எதுவாயினும் நிலக்கரிக்கும் உருக்குக்கும் ஒரே விலை என்ற சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, 1952 முதல் 1993 வரை கிழக்கின் இயற்கைச் சாதகத்தைப் பறித்தது. வளர்த்த செலவு கஞ்சத்துக்கு, வரவு சூரத் முதலாளிக்கு. புலம்பெயர்வோரை விரட்டும் மண்ணின் மைந்தர் கூச்சல் இதற்கு விடையன்று. கிழக்கில் பொதுத்துறை ஆலைகளும் ஆய்வுக்கூடங்களும் நிறுவ ஒன்றிய அரசை நிர்ப்பந்திக்க வேண்டும்.