பாட்டியின் ஆதாரம்

பாட்டி பிறந்தது கொல்லங்கோட்டில். குளத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது 1956 செப்டம்பரில். அப்போது இரண்டு ஊரும் திருவிதாங்கூர்-கொச்சி. நவம்பர் 1 விடிந்தபோது பிறந்த வீடு சென்னை மாநிலத்திலும் புகுந்த வீடு கேரளத்திலும் இருந்தன. நடந்தே போய்வருகிற தூரம்தான்.

1956 என்றதும் மற்றவர்களுக்கு நினைவு வருவது வேறு. தமிழ்நாடு என்ற பெயர் கேட்டு உண்ணாவிரதமிருந்த சங்கரலிங்கனார் அக்டோபர் 13இல் உயிர்விட்டார். மறுநாள் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6இல் அவரும் போய்விட்டார். நவம்பர் 23இல் அரியலூர் ரயில் விபத்து, அதையொட்டி லால் பகதூர் சாஸ்திரியின் பதவி விலகல். எல்லாம் பெரிய விஷயங்கள். ஆனால் எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவின் கதையும் அந்த ஆண்டில்தான் இருக்கிறது.

மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டது நான்கு தாலுகா அல்ல, ஒன்பது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர், நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டன. மாநிலங்களின் எல்லையை வகுத்த பசல் அலி ஆணையம் மொழிக் கணக்கைப் பார்த்தது. நெய்யாற்றின்கரையில் மலையாளம் பேசுகிறவர்களே அதிகம், அதை மறுக்க முடியாது. ஆனாலும் முல்லைப் பெரியாறு பேச்சு எழும்போதெல்லாம் தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் வாயில் வருகின்றன. நெய்யாற்றின்கரை வருவதில்லை. தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் செத்தவர்கள் எங்களுக்கும் அக்கம்பக்கத்து மனிதர்கள்தான். அந்த நாளில் இங்கே கொடி பிடித்தவர்கள் யார், வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். பாட்டியிடம் நான் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்குண்டு.

இன்று நவம்பர் முதல் தேதி எங்கள் பிள்ளைகள் கசவு உடுத்திக் கேரளப் பிறவி விழாவுக்குப் போகிறார்கள். நாகர்கோவிலில் நேசமணி சிலைக்கு மாலை விழுகிறது.

பாட்டிக்குச் சீதனமாகக் கொடுத்த எட்டு சென்ட் இன்னும் கொல்லங்கோட்டில் கிடக்கிறது. கொல்லம் 1132 கன்னி மாதத்தில் மலையாளத்தில் எழுதிய ஆதாரம்; அங்கே அதைப் பத்திரம் என்பார்கள். அம்மை பெயருக்கு மாற்ற அங்குள்ள அலுவலகத்துக்குப் போனோம். தமிழில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். இரவு நான் வாசிக்க வாசிக்க அம்மை கேட்டுக்கொண்டிருந்தாள். வடக்கு எல்லையில் ஒரு புளியமரம் சொல்லியிருந்தது. “அதில் ஊஞ்சல் கட்டி ஆடியிருக்கேன் மக்கா” என்றாள்.