கருப்பு மருதாணி: இலையின் பெயரால் விற்கப்படும் கேடு



பெருநாளுக்கு மறுநாள் ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பிள்ளைகளை அய்யனார் கோவில் அருவிக்கு அழைத்துச் செல்கிறோம். குளித்துக் கரையேறும் மகளின் கையில் தோல் சிவந்து தடித்திருந்தால், பூச்சி கடித்தது என்கிறோம். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம். பூச்சி பூவும் கொடியுமாகவா கடிக்கும்? தடிப்பு நின்ற இடம் மருதாணிக் கோலம் நின்ற இடம் என்பதைக் கண்ட பின்னும் நாம் கோனைச் சந்தேகிப்பதில்லை.

மருதாணி இலையின் நிறமிக்கு லாசோன் என்று பெயர். அது தோலில் பற்றச் சில மணிநேரம் வேண்டும். முதலில் செம்மஞ்சளாகத் தோன்றி, ஓரிரு நாளில் செம்பழுப்பாக முதிரும். அரை மணியில் கன்னங்கரிய நிறத்தை எந்த இலையும் தராது. அந்தக் கருமையைத் தருவது பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கப்படும் பாரா-ஃபெனிலீன்டையமின், சுருக்கமாக பிபிடி. ஐரோப்பிய ஒன்றியம் இதை முடிச்சாயத்தில் 2 விழுக்காடு வரையே அனுமதிக்கிறது. தோலில் பூச அனுமதியே இல்லை. கருப்பு மருதாணிக் கலவைகளிலோ 15 விழுக்காட்டைத் தாண்டியும் இருந்தது ஆய்வகங்களில் கண்டறியப்பட்டுள்ளது.

"பல ஆண்டுகளாகப் பூசுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பார் உளர். ஒவ்வாமை முதல் நாளிலேயே கதவைத் தட்டுவதில்லை. உடல் ஒருமுறை அந்த வேதிப்பொருளைப் பகையெனப் பதிந்துகொண்டால் வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. பத்து வயதில் கையில் கொப்புளம் கண்ட சிறுமி, நாற்பது வயதில் நரைக்குச் சாயம் பூசும்போது முகமும் கண்ணும் வீங்கி மருத்துவமனையில் கிடக்க நேரலாம்.

"மருதாணி சுன்னத்தானது, அதில் என்ன தீங்கு?" என்பது இன்னொரு வாதம். நபி (ஸல்) அவர்கள் நரையை மாற்ற மருதாணியைச் சிறப்பித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் சிறப்பித்தது இலையை. பெயரற்ற உறையில் அடைத்த சாயத்தை அன்று. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை வெளிப்படுத்திக் கண்டித்தவர்களும் அவர்களே. உள்ளே இருப்பதைச் சொல்லாமல் "இயற்கை மருதாணி" என்று விற்கும் கோனும் அத்தகைய குவியல்தான். அதை விற்கும் நம் சகோதரர்கள் தம் வருமானம் ஹலாலா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

வாங்கும் நமக்கும் பொறுப்புண்டு. சேர்மானங்களும் தயாரிப்புத் தேதியும் இல்லாத கோனை வாங்காதீர்கள். இலையை அரையுங்கள், அல்லது கலப்பற்ற பொடியை வீட்டிலேயே குழையுங்கள். கைக்குழந்தைகளுக்குத் தூய மருதாணியும் வேண்டாம். ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை அது சிதைக்கும். அரிப்போ கொப்புளமோ கண்டால் தோல் மருத்துவரை நாடுங்கள். அதன்பின் அந்தப் பிள்ளை முடிச்சாயத்தையும் தவிர்க்க வேண்டும்.

நம் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பிள்ளைகளின் உடலோ இருமடங்கு அமானிதம். ஒரு நாள் கருமைக்காக அதில் மோசடி செய்யாதிருக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.