நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்கு வேண்டும்!

கவின் கலைக் கல்லூரி நூலகத்துக்கு எந்த நூல் வேண்டும் என்பதை, தூரிகை பிடிக்கும் மாணவரே சொல்லட்டும்.

1943 வங்கப் பஞ்சத்தில் மிதினாப்பூர் கிராமங்களைச் சுற்றிக் கண்ட கொடுமையை ஓவியர் சித்தப்பிரசாத் ‘பசித்த வங்கம்’ என்ற நூலாக வரைந்து எழுதினார். வெள்ளையர் ஆட்சி அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. பீரங்கி படைத்த ஏகாதிபத்தியம் மைக்கோட்டுக்கு அஞ்சியது! அத்தகைய நூல்களை இன்றைய மாணவன் புரட்டிப் பார்க்க வேண்டாமா?

சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்த ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. பாறை புரட்டும் அந்த நால்வருக்கு நூலக அலமாரியிலும் இடம் வேண்டும்.

நூல் தேர்வுக் குழுக்களில் மாணவர் பிரதிநிதிகளைச் சேர்க்குமாறு அரசைக் கோருகிறோம். மாணவத் தோழர்களே! உழைக்கும் மக்களின் வாழ்வைத் தீட்டிய நூல்களைப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள்!