மர்ஃபாக்காரர் பெயர் என்ன?

பேகம்பேட்டில் கலியாண ஊர்வலம் போகும்போது மர்ஃபா மேளச் சப்தம் கேட்டால் தமிழர் வீட்டுக் குழந்தைகளும் வாசலுக்கு ஓடி வரும். பெரியவர்களுக்கே கால் தானாகத் தாளம் போடும். ஆனால் தட்டுகிறவர் யார் என்று கேட்பாரில்லை.

அவர்களில் பலர் சித்திகள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நிஜாமின் குதிரைப் படையில் காவல் இருந்தவர்களின் வாரிசுகள். 1948இல் ஐதராபாத் இந்தியாவோடு இணைந்த பிறகு படை கலைந்தது. மாசாப் டேங்க் அருகே ஏ.சி. கார்ட்ஸ் என்ற பேட்டைப் பெயர் மட்டும் நின்றது. வேலை போன பலருக்கு மேளம்தான் சோறு போட்டது. ஏமன் நாட்டு அரபு வம்சத்தார் வாழும் பார்க்கஸிலும் இதே இசைதான்.

நாயனக்காரர் பெயரை ஊரோடு சேர்த்துக் கலியாணப் பத்திரிகையில் அச்சடிப்பது தமிழர் வழக்கம். மர்ஃபாவுக்கு ‘பேண்டு’ என்பதோடு சரி. அதிலும் பேரம் வேறு!

2024 அக்டோபரில் மத ஊர்வலங்களில் டி.ஜே. கூடாதென்று மாநகரப் போலீசார் தடை விதித்தார்கள். அந்த இடம் மர்ஃபாவுக்கு வரட்டும். ரவீந்திர பாரதி மேடையில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, வாசிக்கிறவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லட்டும். கலியாண வீட்டார் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுக்கட்டும்.