உடன்பிறந்தான் இழைத்தால் அநீதி நீதியாகுமா?

அந்நியன் இழைக்கும் அநீதியை உரத்த குரலில் கண்டிக்கும் நாம், அதையே உடன்பிறந்தான் இழைக்கும்போது வாய்மூடி இருப்பது முறையாகுமா? மேற்கு சகாராவை எண்ணுந்தோறும் இவ்வினா நம் நெஞ்சைச் சுடுகின்றது.

ஸ்பெயினின் பிடியிலிருந்த அப்பாலை நிலத்துக்கு மொராக்கோ உரிமை கோரியபோது, 1975 அக்டோபர் 16-இல் உலக நீதிமன்றம் தன் கருத்தை வெளியிட்டது. அங்குள்ள சில குலங்கள் சுல்தானுக்கு விசுவாசம் பூண்டிருந்தது உண்மையே. ஆயினும் அது நிலத்தின் மீதான இறைமை ஆகாது. அம்மக்களின் சுயநிர்ணய உரிமையை அது பறிக்காது என்பதே அக்கருத்து. நடந்தது என்ன? நவம்பர் 6-இல், மூன்றரை இலட்சம் பேர் திரட்டப்பட்டு, கைகளில் திருக்குர்ஆனுடன் எல்லை நோக்கி நடத்தப்பட்டனர். படையோ அதற்கு முன்பே உள்ளே புகுந்திருந்தது! திரும்பிச் செல்லுமாறு பாதுகாப்பு மன்றம் அன்றே கேட்டுக்கொண்டது. எட்டே நாட்களில், மாட்ரிட் நகரில் ஸ்பெயினும் மொராக்கோவும் மாரிட்டானியாவும் கூடி அந்நிலத்தின் ஆட்சியைக் கைமாற்றிக்கொண்டன. மண்ணுக்குரிய சஹ்ராவி மக்களுக்கு அம்மேசையில் ஓர் இருக்கையும் இல்லை.

"முஸ்லிம்களுக்குள் எழுந்த பூசல் இது, வெளியே பேசினால் ஒற்றுமை குலையும்" என்பர் சிலர். தாய் தந்தையர்க்கும் உற்றார்க்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சி நில்லுங்கள் என்று பணிக்கும் வேதத்தையுடைய நாம், இச்சொல்லை எவ்வாறு ஏற்பது? அநீதியை மூடி மறைக்கும் போர்வைக்கு ஒற்றுமை என்று பெயரிடலாகாது.

அல்-அக்ஸா தீக்கிரையான துயரத்தால் 1969-இல் முஸ்லிம் நாடுகள் ஒன்றுகூடி அமைப்பொன்றைத் தோற்றுவித்த இடம் மொராக்கோவின் தலைநகர் ரபாத். அதே மொராக்கோ 2020 டிசம்பரில் இஸ்ரேலுடன் உறவு பூண இசைந்தது. அதே வேளையில், மேற்கு சகாராவின் மீது அதற்குள்ள இறைமையை அமெரிக்கா ஒப்புக்கொண்டது. பாலஸ்தீனமும் சகாராவும் ஒரே தராசில் வைத்து விலை பேசப்பட்டன. ஒன்றுக்காக அழுது மற்றொன்றை மறப்போர் இதை உணரவேண்டும்.

1991-இல் போர் ஓய்ந்தபோது, பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக ஐக்கிய நாடுகள் சபை வாக்களித்தது. வாக்காளர் யார் என்ற வழக்கிலேயே அது முடங்கிற்று. 2020 நவம்பரில் போர்நிறுத்தமும் முறிந்தது. 2025 அக்டோபர் 31-இல், மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தையே பேச்சுக்கு அடிப்படையாக்கிப் பாதுகாப்பு மன்றம் தீர்மானம் இயற்றியது. நம் இந்தியாவும் 1985-இல் சஹ்ராவிக் குடியரசை அங்கீகரித்து, 2000-இல் அவ்வங்கீகாரத்தை மீட்டுக்கொண்டது.

அல்ஜீரியாவின் திந்தூஃப் பாலையில், அகதி முகாம்களிலே பிறந்தோர் இன்று பெற்றோராகவும் ஆகிவிட்டனர். மொராக்கோவுடன் இணைவதா, தனித்து வாழ்வதா என்பதை அவர்களே சொல்லட்டும். அவர்களைக் கேளாமல் எழுதப்படும் எந்த ஒப்பந்தமும் சமாதானமாகாது. இதை உரக்கச் சொல்ல நம் நா எழவில்லையெனில், பாலஸ்தீனத்துக்காக நாம் எழுப்பும் குரலை உலகம் ஏன் மதிக்கவேண்டும்?