படைத்தலைவரும் பாதை சமைத்தோரும்

சீன வரலாற்றிற் சின்லிங் மலைவழிகளைப் பற்றி எழுந்த எழுத்துக்கள் பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்வன. இன்ன வழியால் இன்ன படைத்தலைவன் வந்தான். இன்ன தந்திரத்தால் இன்ன கணவாயைக் கடந்தான். ஆதலின் அவ்வழி புகழ்பெற்றது என்பதே அவற்றின் சாரம். பெய்சிங்கிலிருந்து சியான், ஹன்சோங், செங்டு ஆகிய நகரங்களினூடாகக் குன்மிங் வரை செல்லும் 108ஆம் இலக்கத் தேசிய நெடுஞ்சாலையிற் பயணம் செய்பவன் இக்கதையையே வழிநெடுகக் கேட்கிறான். மியென் மாவட்டத்திற் சுகே லியாங்கின் கோயில் உள்ளது. அண்மையில் அவரது கல்லறை உள்ளது. தெற்கே சியென்மென் கணவாயிற் சியாங் வேயின் புகழ் பேசப்படுகின்றது. அப்பாதையை வெட்டியோரும் அதன்மீது தானியம் சுமந்தோரும் இக்கதையிற் பெயர் பெறுவதில்லை.

இந்நோக்கு வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துகின்றது. படைத்தலைவர்கள் பாதைகளைத் தெரிந்தெடுத்தனர் என்பதிலும், பாதைகளே படைத்தலைவர்கள் செய்யக்கூடியதையும் செய்யமுடியாததையும் வரையறுத்தன என்பதே உண்மைக்கு நெருக்கமானது. அப்பாதைகளோ மக்கள் உழைப்பின் விளைவுகள். மூன்று அரசுகளின் காலம் எனப்படும் 220 முதல் 280 வரையிலான காலப்பகுதியின் போர்களை ஆராயும் மாணவன் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே.

வடக்கே வேய் ஆற்றுச் சமவெளி. அதிற் பழைய தலைநகரான சாங்கான், அதாவது இன்றைய சியான். தெற்கே ஹன்சோங் வடிநிலம். அதற்கும் தெற்கே மற்றுமொரு மலைத்தடைக்கு அப்பால் ஷூ நாட்டின் செங்டு. சமவெளிக்கும் ஹன்சோங்குக்கும் இடையிற் சின்லிங் மலைத்தொடர் சுவரென நிற்கின்றது. இதனை ஊடறுத்த வழிகளுள் முதன்மையானவை நான்கு: மேற்கே சென்சாங் வழி, அதன் கிழக்கே பாவ்-சியே வழி, அப்பால் தாங்-லுவோ வழி, கிழக்குக் கோடியிற் சிவூ வழி. ஆற்றுப் பள்ளத்தாக்குகள் இவற்றின் போக்கைக் காட்டின. ஆயின் பள்ளத்தாக்கு வேறு, பாதை வேறு. செங்குத்தான பாறைகள் ஆற்றுநீர் வரை இறங்கும் இடங்களிற் காலூன்ற நிலமில்லை. அங்கெல்லாம் பாறையிற் சதுரத் துளைகள் குடைந்து, உத்திரங்களைச் செருகி, அவற்றின்மேற் பலகை பரப்பினர். பலகைப்பாதை எனப்படுவது இதுவே. மரம் உக்கும், வெள்ளம் உத்திரங்களை இழுத்துச் செல்லும், பகைவன் தீயிடுவான். எனவே அப்பாதை ஒருமுறை கட்டி முடிக்கும் பாதையன்று. தலைமுறைதோறும் மீளக் கட்டவேண்டிய பாதை.

இவ்வுழைப்பின் அளவைக் கற்பனையால் ஊகிக்க வேண்டியதில்லை. பாவ்-சியே வழியின் தென்வாயிலருகே பாறையிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று அதனைக் கணக்காகவே தருகின்றது. 63ஆம் ஆண்டில், அரச ஆணைப்படி, குவாங்ஹன், ஷூ, பா ஆகிய மூன்று ஆட்சிப் பிரிவுகளிலிருந்து 2,690 தண்டனைக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். அறுநூறுக்கும் மேற்பட்ட பலகைப்பாலப் பகுதிகளும் 5 பெரும் பாலங்களும் அமைக்கப்பட்டன. 258 லீ, அதாவது நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளத்துக்குப் பாதை திறக்கப்பட்டது. செலவான ஆள்வேலை 7,66,800க்கு மேல். 66ஆம் ஆண்டிற் பணி முடிவுற்றது. கல்வெட்டு ஆளுநரைக் குறிப்பிடுகின்றது; அவருக்குக் கீழ்ப்பட்ட அலுவலர்களைப் பெயர்கூறிப் போற்றுகின்றது. 2,690 பேரில் ஒருவர் பெயர்தானும் அதிலில்லை. அரசு அவர்களை எண்ணிற்று. பெயர் சொல்லி நினைவிற் கொள்ளவில்லை. வீரர் வழிபாட்டு வரலாறோ ஒருபடி மேலே சென்று அந்த எண்ணையும் மறந்துவிட்டது.

வழிகள் பற்றிய கதைகளுட் பெரிதும் பரவியது கி.மு. 206ஆம் ஆண்டுக்குரியது. ஹன்சோங்குக்குச் சென்ற லியு பாங், சாங் லியாங்கின் அறிவுரைப்படி பலகைப்பாதையை எரித்துவிட்டுப் பின்னர் சென்சாங் வழியாகத் திடீரென வெளிப்பட்டார். எரித்த பாதையைத் திருத்துவதாக ஹான் சின் வெளிப்படையாகப் பாசாங்கு செய்து பகைவனை ஏமாற்றினார் எனப் பிற்கால நாடக மரபு கூறும். சிமா சியெனின் வரலாற்று நூலில் அத்தகைய பாசாங்கு காணப்படவில்லை. பழைய வழியாற் படை திரும்பிற்று என்பதே அங்குள்ள செய்தி. பாதை திருத்தும் கடுமையான வேலை, தலைவன் ஒருவனின் கூர்மதிக்குத் திரைச்சீலையாக மாற்றப்பட்டமையே இவ்விடைச்செருகலின் பொருள். அதே நூல் மற்றோரிடத்திற் கூறும் செய்தி இம்மரபினரின் கவனத்தைப் பெறுவதில்லை. வூ பேரரசரின் காலத்திற் பல்லாயிரவரை ஈடுபடுத்தி ஐந்நூறு லீக்கு மேற்பட்ட பாவ்-சியே வழி அமைக்கப்பட்டது. பாதை வசதியாக அமைந்தது. ஆயினும் ஆறு பாறைகளும் விரைநீரோட்டமும் நிறைந்திருந்தமையால் திட்டமிட்டபடி தானியப் படகுகள் செல்ல இயலவில்லை. இங்குத் தந்திரம் இல்லை, வீரமும் இல்லை. ஆதலின் நாடகமும் இல்லை.

சுகே லியாங்கின் வடதிசைப் படையெடுப்புகளை நோக்குவோமாயின் உண்மை மேலும் தெளிவாகும். 228 முதல் 234 வரை அவர் ஐந்து முறை படை நடத்தினார். முதலாவது, ஜியேதிங் தோல்வியாற் குலைந்தது. 229ஆம் ஆண்டின் முயற்சி இரு ஆட்சிப் பிரிவுகளைப் பெற்றுத்தந்தது. ஏனைய மூன்றையும் ஆட்டிப்படைத்தது தானியமே. 228ஆம் ஆண்டு குளிர்காலத்தில், ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வீரர் காத்த சென்சாங் கோட்டையை இருபது நாட்களுக்கு மேல் முற்றுகையிட்டும், உணவு தீர்ந்தமையால் அவர் பின்வாங்கினார். 231ஆம் ஆண்டில் மழையால் உணவு வழங்கல் தடைப்படப் படை திரும்பிற்று. 234ஆம் ஆண்டுப் படையெடுப்புக்கு முன்னரே சியே பள்ளத்தாக்கின் வாயிலிற் களஞ்சியம் அமைத்து அரிசி சேர்க்கவேண்டியிருந்தது. வூசாங் சமவெளியிற் படைவீரரே உழவராகி நிலம் பயிரிடவேண்டியிருந்தது. சிமா யீ போரைத் தவிர்த்துக் காத்திருந்தார். நூறு நாட்களுக்கு மேல் எதிரெதிரே நின்றபின் சுகே லியாங் பாசறையிலேயே இறந்தார்.

துணிச்சலின் உச்சம் எனப் பாராட்டப்படும் திட்டத்தையும் இவ்வாறே நோக்கவேண்டும். சிவூ வழியாகப் பத்து நாட்களிற் சாங்கானை அடையலாம் என்று வேய் யென் வாதிட்டார்; அதற்கு அவர் கேட்டவை 5,000 தேர்ந்த வீரரும் தானியம் சுமக்க 5,000 பேரும். ஒரு வாளுக்கு ஒரு மூட்டை. ஒரு வீரனுக்கு ஒரு சுமையாள். சுகே லியாங் அதனை ஏற்றிருக்கவேண்டுமா என்று பதினேழு நூற்றாண்டுகளாக வாதிடுவோர், அந்த இரண்டாவது ஐயாயிரவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. 230ஆம் ஆண்டில் அதே வழியாற் புறப்பட்ட வேய் அரசின் படை, முப்பது நாட்களுக்கு மேல் பெய்த மழையிற் பலகைப்பாதைகள் அறுந்துபோகத் திரும்பி அழைக்கப்பட்டது. அதனைத் தடுத்து நிறுத்தியது எதிரியின் மதிநுட்பமன்று.

பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த மூன்று அரசுகளின் கதை என்னும் பெருநாவல் இவ்வுண்மைகளை அழகுற மூடிவிட்டது. சுகே லியாங் சீ மலை வழியாக ஆறுமுறை சென்றார் என்பது அம்மரபு. வரலாற்றேடுகளின்படி அவ்வழியாற் சென்றது இருமுறையே. மலைப்பாதையில் தானியம் ஏற்றிச்செல்ல அவர் அமைப்பித்த ‘மர எருது’ நாவலில் நாவைத் திருகினால் நின்றுவிடும் மாயப்பொறியாகின்றது. அது தள்ளுவண்டி வகையைச் சார்ந்ததாகலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. வண்டியாயின் அதனைத் தள்ளும் மனிதன் ஒருவன் வேண்டும். மாயப்பொறிக்கோ எவரும் வேண்டியதில்லை. கலையின் சிறப்பு மறுக்கற்பாலதன்று. கலை செய்த மறைப்பை வரலாற்றாசிரியனும் தொடர்வதே கண்டிக்கற்பாலது.

263ஆம் ஆண்டில் ஷூ அரசு வீழ்ந்த கதையும் இவ்வாறே. சியென்மென் பகுதியிற் சியாங் வேய் வழியை அடைத்து நின்றபோது, வேய் அரசின் பெரும்படை தானியம் கொண்டுவர இயலாது திரும்ப எண்ணிற்று. ஆளற்ற மலைகளினூடே எழுநூறு லீக்கு மேல் வழிவெட்டிச் சென்ற தெங் ஐயின் படையே அந்நாட்டை வீழ்த்திற்று. தலைமைத் தளபதி சொங் ஹுவெய், தமக்கு முன்னே பாதை திருத்தச் சென்ற அதிகாரி சூ யீயைக் கொல்வித்தார். பாலத்தின் ஓட்டையொன்றில் தளபதியின் குதிரைக்கால் சிக்கியதே அவர் செய்த குற்றம். அதிகாரிக்கே இக்கதியெனின், பலகை சுமந்தவனின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. சரணடைந்த ஷூ அரசு ஒப்படைத்த கணக்கில் 2,80,000 குடும்பங்கள், 9,40,000 மக்கள், 1,02,000 படைவீரர், 40,000 அலுவலர் எனக் காணப்படுகின்றது. ஏறத்தாழ ஒன்பது குடிமக்களுக்கு ஒரு படைவீரன். ஓர் அரசு எவ்வாறு வீழ்ந்தது என்பதற்கு அதன் வீரர்களின் வாழ்க்கை வரலாறுகளைவிட இக்கணக்கேடு தெளிவாக விடை தருகின்றது.

தலைமைக்கு வரலாற்றிற் பங்கே இல்லையா எனச் சிலர் வினவலாம். பங்கு உண்டு. வேய் யெனின் திட்டத்தை மறுத்ததும், களஞ்சியம் அமைத்ததும், வீரரை உழவராக்கியதும் தலைமையின் முடிவுகளே. ஆயின் அவை பாதையும் தானியமும் விதித்த எல்லைகளை அறிந்தெடுத்த முடிவுகள். சுகே லியாங்கை வழிபடுவோர் அவரது உண்மையான திறமையையே காணத் தவறுகின்றனர். சுமப்பவனை மறந்த எழுத்தாளர் பலர். சுமப்பவனை மறந்து படை நடத்த அவரால் இயலவில்லை.

இன்றைய பாதைகளும் அப்பழைய மலைகளையே கடக்கின்றன. பாவோசி-செங்டு இருப்புப்பாதை 1952 முதல் 1958 வரை அமைக்கப்பட்டது. 2007இற் சியான்-ஹன்சோங் விரைவுநெடுஞ்சாலை சுரங்கங்களினூடே மலையைக் கடந்தது. 2017 இறுதியில் விரைவுத் தொடருந்து வந்தது. பழைய நெடுஞ்சாலை மலைக்கிராமங்களின் சாலையாகத் தொடர்கின்றது. பாவ் பள்ளத்தாக்கின் வாயிலில், முதலாம் நூற்றாண்டிற் குடையப்பட்ட கல்வாயிற் சுரங்கம் நீர்த்தேக்கமொன்றில் மூழ்கிவிட்டது. கல்வெட்டு மட்டும் வெட்டியெடுக்கப்பட்டு ஹன்சோங் நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது.

அக்கல்வெட்டு இதுகாறும் அதன் எழுத்தழகுக்காகவே பெரிதும் போற்றப்படுகின்றது. அதன் மைப்படிகள் எழுத்துக்கலை பயில்வோரின் பாடமாக விளங்குகின்றன. எழுத்தழகை வியப்பதோடு நின்றுவிடாது, அவ்வெழுத்துக்கள் கூறும் எண்களையும் வாசிப்பதே வரலாற்று மாணவனின் கடமை. போர்களைப் பற்றி எழுதுவோர் எவராயினும், எவன் வென்றான் என்று வினவுமுன் எவன் சுமந்தான் என்று வினவுவாராக. அவ்வினாவுக்கு விடைதேடாத போர் வரலாறு, அரசவைப் புலவரின் புகழ்மாலைக்கு மேலான மதிப்பைக் கோர இயலாது.