வீடு வரட்டும், வடிகால் இருக்கட்டும்

கடந்த சம்பா பருவத்தில், ஐப்பசி அடைமழை ஓய்ந்த ஒரு காலையில், தஞ்சாவூரை ஒட்டிய கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி தொலைபேசியில் அழைத்தார். "சார், நட்டு முப்பது நாளான பயிர் மஞ்சளாப் போகுது. துத்தநாகப் பற்றாக்குறைன்னு கடையில சொன்னாங்க. ஜிங்க் சல்பேட் போட்டாச்சு, யூரியாவும் போட்டாச்சு. பச்சை திரும்பல. ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். பயிரைப் பிடுங்கினால் வேர் கறுத்திருந்தது. சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். குறை உரத்தில் இல்லை. பதினொரு நாட்களாக அந்த வயலில் தண்ணீர் வடியவில்லை. நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று இல்லை. காற்று இல்லாத வேர் எந்தச் சத்தையும் எடுக்காது. நின்ற தண்ணீரில் போட்ட யூரியா வீணானதுதான் மிச்சம்.

தண்ணீர் ஏன் வடியவில்லை என்பதற்கு விடை வரப்பில் ஏறி நின்றதும் தெரிந்தது. கிழக்கே, நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில் செம்மண் கிராவல் கொட்டி உயர்த்திய 30 அடிச் சாலை. அதன் முகப்பில் வண்ணம் பூசிய வளைவு, உள்ளே எல்லைக் கற்கள், புதிதாக எழும்பும் நாலைந்து வீடுகள். அவர் தந்தை காலத்திலிருந்து உபரி நீர் வடிந்த கண்ணி வாய்க்கால் அந்தச் சாலைக்கு அடியில் போய்விட்டது. பேருக்கு ஆறு அங்குலக் குழாய் ஒன்று வைத்திருந்தார்கள். அதுவும் வயல் மட்டத்துக்கு மேலே இருந்தது.

"எந்த மருந்து அடிக்கலாம் சார்?" என்று கேட்டார். அதற்கு மருந்து என் படிப்பில் இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஊருக்குப் பத்து நிமிடத் தொலைவில் என்று விளம்பரம் வரும் ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் பக்கத்தில் இப்படி ஒரு வயல் இருக்கிறது. "பசுமை சூழ்ந்த நவீன வீடுகள்" என்ற விளம்பரத்தில் காட்டப்படும் பசுமை, பெரும்பாலும் பக்கத்து விவசாயியின் நெற்பயிர்தான். அந்தப் பயிருக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டுவது குற்றமல்ல; நிலத்தை விற்பதும் குற்றமல்ல. மகளின் திருமணம், மகனின் படிப்பு, மருத்துவச் செலவு, ஆள் கிடைக்காத நடவு, விலை கிடைக்காத அறுவடை என்று விற்பவருக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கும். பல ஆண்டுச் சாகுபடியில் பார்க்க முடியாத தொகை ஒரு கையெழுத்தில் வருகிறபோது, "விற்காதே" என்று உபதேசம் செய்யும் உரிமை மாதச் சம்பளம் வாங்கும் எனக்கு இல்லை. நான் கேட்பது வேறு. விற்பவர் தன் நிலத்தை மட்டும்தான் விற்கிறாரா, அல்லது மேலும் கீழும் உள்ளவர்களின் நீர்வழியையும் சேர்த்து விற்றுவிடுகிறாரா?

நெல் வயலை நாம் விளைநிலமாக மட்டுமே பார்க்கிறோம். மழைக்காலத்தில் அது ஒரு சிறு குளமும்கூட. கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். வானிலைச் செய்தியில் "5 செ.மீ. மழை" என்று கேட்கிறோமே, அந்த ஒரு மழையில் ஒரு ஏக்கரில் விழுவது 2 லட்சம் லிட்டர். அரை அடி, அதாவது 15 செ.மீ. உயர வரப்பு உள்ள வெறும் வயல் 6 லட்சம் லிட்டர் வரை பிடித்து வைக்கும். பிடித்ததில் கொஞ்சத்தை மண்ணுக்குள் இறக்கி, மீதியை மடை வழியே மெதுவாக விடும்.

அதே ஏக்கரில் கிராவல், தார்ச்சாலை, சிமென்ட் தளம், மொட்டை மாடி என்று வந்துவிட்டால் அந்தக் குளம் தூர்ந்துவிட்டது என்று பொருள். பத்து ஏக்கர் மனைப்பிரிவில் 5 செ.மீ. மழை பெய்தால் 20 லட்சம் லிட்டர் தண்ணீர் போக்கிடம் தேடும். உயர்த்திய இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்குத்தான் அது போகும். தாழ்ந்த இடம் உங்கள் வயல். உங்கள் வயலிலிருந்து வெளியேற இருந்த வழியோ சாலைக்கு அடியில். காவிரிப் படுகை போன்ற சமவெளியில் சரிவு மிகக் குறைவு. அங்கே அரை அடி மண் உயர்ந்தாலே தண்ணீரின் போக்கு மாறிவிடும்.

வறட்சிக் காலத்தில் இதன் மறுபக்கம் தெரியும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தாலும், கடைமடைக்கு எப்போது தண்ணீர் வரும் என்று காத்திருப்பவர்கள் நாம். தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே ஒரு வாய்க்கால் அறுந்தால், அணையில் எவ்வளவு இருந்தென்ன? ஒரே வடிகால் அடைப்பு மழையில் பயிரை அழுக வைக்கும். ஒரே பாசன வாய்க்கால் அடைப்பு வெயிலில் பயிரைக் காய வைக்கும். அப்படி இரண்டு பருவம் போனால் பக்கத்து வயல்காரரும் தரகரைத் தேடிப் போவார். ஒரு மனைப்பிரிவு அடுத்த மனைப்பிரிவை அழைத்து வருவது இப்படித்தான்.

இதில் சிக்கல் எங்கே இருக்கிறது? ஆறும் பெரிய வாய்க்காலும் அரசு புறம்போக்கு. கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் இருக்கும். ஆனால் நம் பகுதியில் பாதிப் பாசனம் வயல் விட்டு வயல் பாய்வது. ஒருவர் பட்டாவுக்குள் ஓடும் கண்ணி வாய்க்கால் எந்த வரைபடத்திலும் இருக்காது. அது பெரியவர்களின் வாய்ச்சொல்லிலும், பத்திரத்தில் "மாமூல் நீர்வழிப் பாத்தியம்" என்ற ஒரு வரியிலும் உயிர் வாழ்கிறது. புல்டோசர் ஓட்டுபவருக்கு அந்த ஒரு வரி தெரியாது.

குடியேறிய பிறகு வருபவை வேறு. கழிவுநீருக்கு ஏற்பாடு செய்யாத மனைப்பிரிவில் குளியலறை, சமையலறைத் தண்ணீர் வாய்க்காலுக்கே வரும். அதில் உள்ள மிகுதியான தழைச்சத்தால் பயிர் கரும்பச்சையாக வளர்ந்து, கதிர் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும். பூச்சியும் நோயும் கூடும். தெருவிளக்கு வயலோரம் வந்தால் குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சிகளும் புகையானும் அந்த வெளிச்சத்தைத் தேடி வரும். பகல் நீளம் குறைவதைக் கண்டு கதிர் விடும் பாரம்பரிய ரகங்கள், இரவு முழுவதும் வெளிச்சம் பட்டால் பூப்பதற்கே தாமதிக்கும். மருந்து தெளித்தால் குடியிருப்போர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு; குழந்தைகள் இருக்கும் இடத்தில் காற்று வீசும் திசை பார்க்காமல் தெளிக்கக் கூடாது.

நீர்வழியை மறந்து எழும்பும் வீடு, அங்கே குடியேறுபவரையும் காப்பாற்றாது. 2015 டிசம்பரில் சென்னைப் புறநகரில் முடிச்சூர், வரதராஜபுரம் குடியிருப்புகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அடையாற்றின் போக்கில், ஏரிகளின் உபரி நீர் வந்து சேரும் தாழ்வான பகுதியில் எழுந்த குடியிருப்புகள் அவை. வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு வீடு வாங்கியவர்கள், மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். வாய்க்கால் எங்கே போகிறது என்று வாங்கும்போது அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, மனைப்பிரிவு ஒழுங்கு ஓரளவு வந்திருக்கிறது. திட்டப் பகுதிக்கு வெளியே நன்செய் நிலத்தை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் முன் இசைவு வேண்டும். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் குறிப்பிட்ட சில ஆலைகளையும் எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் தடுக்கிறது. ஆனால் வீட்டுமனை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. அங்கீகாரம் கேட்கும்போது சாலை அகலம், மனை அளவு, பூங்காவுக்கு இடம் எல்லாம் அளக்கப்படுகின்றன. இந்த மனைக்கு வெள்ளம் வருமா என்றும் பார்க்கிறார்கள். இந்த மனையால் பக்கத்து வயலுக்கு வெள்ளம் வருமா என்ற கேள்வி மட்டும் அழுத்தமாகக் கேட்கப்படுவதில்லை.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நன்செய்க்கு நடுவே மனைப்பிரிவுக்கு இசைவு தரும் முன், நீர்வளத் துறைப் பொறியாளரும் வேளாண் அலுவலரும் மேல்மடை, கீழ்மடை விவசாயிகளோடு ஒருமுறை அந்த இடத்தை நடந்து பார்க்க வேண்டும். ஓடும் வாய்க்கால், வடியும் வடிகால் ஒவ்வொன்றும், அது பட்டாவுக்குள் இருந்தாலும், அகலத்தோடும் மட்டத்தோடும் மனை வரைபடத்தில் இடம்பெற வேண்டும். சாலை குறுக்கிடும் இடத்தில் குழாயின் அளவை மழையின் கணக்குப்படி முடிவு செய்ய வேண்டும். அந்த வரைபடம் ஊராட்சி அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். இவ்வளவும் செய்ய ஒரு நாள் போதும்.

அதுவரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. உங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலையும் வடிகாலையும் இந்த மழைக்கு முன் தொடக்கம் முதல் முடிவு வரை நடந்து பாருங்கள். தண்ணீர் ஓடும் நாளில் கைபேசியில் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தில் நீர்வழி பற்றிய வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு அனுபவித்த நீர்வழியை 1882-ம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் மதிக்கிறது. அதை நிரூபிக்கச் சான்று வேண்டும். சான்று இன்றைக்கே சேர்த்தால்தான் உண்டு.

பக்கத்தில் எல்லைக்கல் நடும்போதே பேசுங்கள். கிராவல் கொட்டிய பிறகு பேசுவது செலவு. வீடு கட்டிய பிறகு பேசுவது வழக்கு. தனியாகப் போகாமல், அந்த வாய்க்காலில் பாயும் அத்தனை பேரும் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இதற்கான இடம். கிராம சபையிலும் வாய்க்கால்களின் பட்டியலைத் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை அதற்குப் பொருத்தமான நாள்.

நிலத்தை விற்கப் போகும் நண்பரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விற்கும் முன் ஒப்பந்தத்திலேயே "இன்ன அகலத்தில் இன்ன வாய்க்காலை விட்டுவைக்க வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். பணத்தில் ஒரு ரூபாயும் குறையாது. உங்கள் பங்காளியின் வயல் பிழைக்கும். புன்செய் மேடும் நன்செய்ப் பள்ளமும் இருந்தால், மேட்டை விற்றுப் பள்ளத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள். வீடு மேட்டில் நிற்கும். நெல் பள்ளத்தில்தான் விளையும். ஓரங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அதைக் கிராவலுக்கு அடியில் புதைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

மனை வாங்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன்; உங்கள் வீட்டிலேயே ஒருவர் வாங்கப் போகிறவராக இருக்கலாம். சித்திரையில் பார்த்து வாங்காதீர்கள். கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். பக்கத்து வயல்காரரிடம், "இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள். விற்பவரைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்தத் தஞ்சாவூர் விவசாயியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அவரும் அந்த வடிகாலை நம்பியிருந்த இன்னும் ஒன்பது பேரும் சேர்ந்து மனு கொடுத்தார்கள். மாசியில் சாலையை வெட்டி, வயல் மட்டத்துக்குக் கீழே இரண்டடிக் குழாய்கள் பதித்தார்கள். புது வீட்டுக்காரர்களும் எதிர்ப்பு சொல்லவில்லை. மழையில் அவர்கள் வாசலிலும் தண்ணீர் நின்றிருந்தது. ஆனால் அந்த சம்பா போனது போனதுதான். அறுத்த நெல் கடனுக்கும் காணவில்லை.

"ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டிருந்தா ஒரு போகம் பிழைச்சிருக்கும் சார்" என்றார். அவர் கேட்கத் தவறியதை நீங்கள் இந்த வாரமே கேளுங்கள்.